பெட்டி கட்டுவதற்கு முன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், தறிச் சத்தத்துக்கு நடுவே இந்தப் பேச்சுதான்: "சீட் கிடைச்சிடுச்சு, ஹாஸ்டல்தான் எதுல போடறதுன்னு தெரியல." எந்தப் படிப்பு என்று மாதக்கணக்கில் யோசித்த வீடு, விடுதியை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு நோக்கமும் குணமும் இருக்கின்றன. சமூகச் சங்கம் கட்டியது, மடமோ மிஷனோ நடத்துவது, அரசு நடத்துவது என்று இங்கே பல வகை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மொழிக்கு ஒரு வீடு, இசைக்கு ஒரு மாடி என்றுகூடப் பிரித்திருக்கிறார்கள்.

படிப்பவர்களுக்கென்று தங்குமிடம் நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வேதம் படிப்பவர் இத்தனை பேர், இலக்கணம் படிப்பவர் இத்தனை பேர் என்று 60 பேர் தங்கிப் படித்த கணக்கு அதில் உண்டு. படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க எண்ணெய், கூடவே 15 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை. அந்தக் கதவு அன்று எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் திறக்கவில்லை. ஆனாலும் பாய், விளக்கு, எண்ணெய், வைத்தியம் என்ற அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு விடுதியை அளந்து பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

• மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் வார்டன் காட்டும் பெருக்கித் துடைத்த அறை எதையும் சொல்லாது. மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். இரண்டாம் ஆண்டு படிப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்: தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? பரீட்சை நேரத்தில் எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்கள்? நடு ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப் போவார்கள்? 'அமைதி விடுதி' என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் பத்து மணிக்கு எப்படி இருக்கிறது என்பது அங்கே படுத்துத் தூங்குகிறவருக்குத்தான் தெரியும்.

• மெஸ் பில்லை எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். தொகையைக் கேட்கிறோம், தேதியை விட்டுவிடுகிறோம். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் நெசவாளர் வீட்டுக்குக் கூலி. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அது இன்னும் தள்ளிப் போகும். ஐந்தாம் தேதி தவறினால் அபராதம் என்கிற விடுதி அந்த வீட்டுக்குப் பொருந்தாது. தவணை உண்டா என்று வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்ததும் கல்லூரியில் பதிவு செய்யுங்கள்.

• அரசு விடுதிக்கும் விண்ணப்பம் போடுங்கள். 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வந்தது. சாதிப் பெயர் சுமந்த பலகையின் கீழே நின்று படித்தவர்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை தெரியும். உணவும் இடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்றால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது.

• வெளிநாடு போகிறவர்கள் விண்ணப்பத்தில் உண்மையான விருப்பத்தை எழுதுங்கள். மது, புகை இல்லாத மாடி வேண்டும் என்றால் அதையே கேளுங்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் அதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள்.

செய்யக் கூடாதவை

• நம்ம ஆளுங்க இருக்காங்க என்பதற்காக மட்டும் சேராதீர்கள். கிராமத்துப் பிள்ளை பட்டணத்தில் படிக்க வழியில்லாத காலத்தில் சமூகச் சங்கங்கள் விடுதி கட்டின. பல குடும்பங்களின் முதல் பட்டதாரி அங்கிருந்துதான் வந்தார். அந்த நன்றி எனக்கும் உண்டு, நானும் அப்படி ஒரு விடுதியில் இருந்தவன். ஆனால் அந்த மூன்று வருடத்தில் எங்கள் தெருப் பேச்சைத் தவிர வேறு பேச்சு என் காதில் விழவில்லை. வேறு வீட்டுப் பிள்ளையோடு ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. அந்தக் குறை எனக்கு இன்றுவரை தீரவில்லை. சென்னை ஐஐடியில் விடுதிகளுக்குக் காவிரி, கோதாவரி, நர்மதை என்று ஆறுகளின் பெயர். அப்படி யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய பெயருள்ள இடமும் கிடைத்தால், அதை எடுங்கள்.

• "இது எங்க ஹால் வழக்கம்" என்ற சொல்லுக்குப் பணியாதீர்கள். தனி அடையாளம் உள்ள விடுதிகளில் பாட்டு, கொடி, போட்டி எல்லாம் இருக்கும். அவை இனிமையானவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு வந்த நாளிலிருந்து சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று தங்கள் விடுதியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட தலைமுறைகள் உண்டு. ஆனால் உங்களை அவமானப்படுத்துவது எதுவும் வழக்கம் ஆகாது. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்குத் தனிப் பகுதி உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். இதில் பயமும் கூச்சமும் வேண்டவே வேண்டாம்.

• அப்பாவின் நிம்மதிக்காகப் பூஜையும் விரதமும் உள்ள விடுதியில் சேர்ந்துவிட்டு, அங்கே பொய் சொல்லி வாழாதீர்கள். மனதார விரும்பினால் மட்டும் போங்கள்.

• அசல் சான்றிதழ்களை விடுதியில் ஒப்படைக்காதீர்கள். நகல் போதும்.

• பெற்றோருக்குக் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் வேலை போச்சே என்று அவர்கள் வரத் தயங்குவார்கள். பல வீடுகளில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்குக் கூட்டிப் போங்கள்.