முதலில் எது? – அவசர சிகிச்சைத் தாதியர் பரீட்சைக்கு ஆயத்தமாதல்



காணியை விட்டு வந்த குடும்பங்களிலிருந்து இன்று பல பிள்ளைகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறார்கள். சிலர் பயிற்சி முடித்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில் கடமையாற்றுகிறார்கள். வேறு சிலர் கடல் கடந்து போய் அங்கு மேற்தகைமைக்குப் படிக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு பரீட்சை உண்டு: உயிர் ஊசலாடும் ஒருவர் முன்னால் நிற்கும்போது முதலில் எதைச் செய்வது? இந்தப் பாடம் அப்பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் படிப்பிக்கும் பெற்றோருக்காகவும் எழுதப்படுகிறது.

1. இது எப்படிப்பட்ட பரீட்சை?

ஐக்கிய அமெரிக்காவில் அவசர சிகிச்சைத் தாதி நிபுணர் என்ற தகைமைக்குத் தனியான பரீட்சை 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. குடும்ப நலத் தாதி நிபுணராக முன்னரே சான்றிதழ் பெற்றவர்களே இதற்குத் தோற்றலாம். 150 வினாக்கள், 3 மணி நேரம். அவற்றுள் 135 வினாக்களுக்கே புள்ளி. மீதி 15 வினாக்கள் எதிர்காலப் பரீட்சைகளுக்காகப் பரிசோதிக்கப்படுபவை. எவை அவை என்பது எழுதுபவருக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் ஒரு வினாவுக்கு 72 செக்கன். ஐக்கிய இராச்சியத்தில் இவ்வாறான ஒரே தேசியப் பரீட்சை இல்லை. அங்கு பல்கலைக்கழகப் பாடநெறியும் வேலைத்தளத்தில் காட்டும் தேர்ச்சியும் கணிக்கப்படுகின்றன. இலங்கையில் 3 வருடத் தாதியர் பயிற்சியே அடித்தளம். அவசர சிகிச்சை அறிவு அதன் மேல் கட்டப்படுகிறது.

நாடு எதுவானாலும் வினாவின் தன்மை ஒன்றுதான். நான்கு விடைகள் தரப்படும். பெரும்பாலும் நான்குமே செய்ய வேண்டியவைதான். ஆனால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. மனப்பாடம் செய்த பிள்ளை இங்கேதான் தடுமாறுகிறது. ஒழுங்கைப் படித்த பிள்ளை தடுமாறுவதில்லை.

2. ஐந்து படிகளின் ஒழுங்கு

உலகெங்கும் பயன்படும் ஒழுங்கு இதுவே. ஆங்கில எழுத்துகளின் வரிசையில் ஏ, பி, சி, டி, ஈ என்று நினைவில் வைத்திருப்பார்கள்.

ஏ – மூச்சுவழி. வாயிலும் தொண்டையிலும் அடைப்பு உண்டா?
பி – சுவாசம். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? நிமிடத்துக்கு எத்தனை தடவை?
சி – குருதிச் சுற்றோட்டம். நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், குருதிப்பெருக்கு.
டி – நரம்பு நிலை. நினைவு உண்டா? கண்மணிகள் எப்படி? குருதியில் சீனி எவ்வளவு?
ஈ – உடலைத் திறந்து பார்த்தல். மறைந்த காயம் உண்டா? பார்த்தபின் குளிராமல் போர்த்துதல்.

ஒரு படியில் பிழை கண்டால் அதைச் சீர்செய்த பின்னரே அடுத்த படிக்குப் போக வேண்டும். வாய்க்கால் தலைப்பில் உடைப்பு இருக்கும்போது கடைசிப் பாத்திக்கு நீர் கட்டப் போகிறவர் எவருமில்லை. அதே நியாயந்தான் இங்கும். இரண்டு விடயங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீறிட்டுப் பாயும் குருதியை உடனே அழுத்தி நிறுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, உதவி செய்பவர் தமக்கு ஆபத்தில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

நரம்பு நிலையை அளக்க 1974இல் வெளிவந்த கிளாஸ்கோ அளவுகோல் பயன்படுகிறது. கண், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் புள்ளி. குறைந்தது 3, கூடியது 15. எட்டு அல்லது அதற்குக் கீழே போனால் நோயாளி தன் மூச்சுவழியைத் தானே காக்க முடியாதவர் என்று கொள்ள வேண்டும். ஆகவே ‘டி’யில் கண்ட பிழை நம்மை மீண்டும் ‘ஏ’க்கு அனுப்புகிறது.

3. நமது வயலிலிருந்து மூன்று வினாக்கள்

முதலாம் வினா. தரையில் பாய் விரித்துப் படுத்த 40 வயது விவசாயி விடியற்காலை வயிற்றுவலியோடு எழும்புகிறார். கண்ணிமைகள் தொங்குகின்றன. பேச்சுக் குழறுகிறது. கடித்த அடையாளம் எதுவும் இல்லை. தாதி முதலில் செய்ய வேண்டியது எது? கடிவாயைத் தேடுவதா, குருதி எடுப்பதா, விஷமுறிவு மருந்தை ஆயத்தம் செய்வதா, சுவாசத்தைக் கணிப்பதா?

கொச்சிக்கடையில் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் மாணவிகளிடம் இதைக் கேட்டபோது பலர் விஷமுறிவு மருந்து என்றார்கள். நோயைச் சரியாகவே பிடித்துவிட்டார்கள். இது கட்டுவிரியன் கடியின் குறி. இரவில், தரையில் படுப்பவரை, வலியே தெரியாமல் கடிக்கும் பாம்பு அது. ஆனால் விடை சுவாசத்தைக் கணிப்பது. அந்த நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும். முதலில் இமை, பின்னர் தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து கரைத்து ஏற்றி முடியுமுன் மூச்சு நின்றுவிடலாம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று கேட்டுப் பார்ப்பது எளிய சோதனை. எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்து கூடுகிறது.

புடையன் பாம்பின் நஞ்சோ பெரும்பாலும் குருதி உறைவதைக் குலைக்கிறது. அதற்கான சோதனை: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சரித்துப் பார்த்தல். உறையாவிட்டால் நஞ்சு ஏறியிருக்கிறது. இங்கு பயன்படும் இந்திய விஷமுறிவு மருந்து கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆதலால் அட்ரினலின் கையருகில் இல்லாமல் அதனைத் தொடங்கலாகாது. இறுக்கக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் மூன்றும் தவறான விடைகள். ஊர் வழக்கம் என்பதனால் கை தானாகவே அவற்றை நோக்கிப் போகும். கவனம்.

இரண்டாம் வினா. தோட்டத்தில் கிருமிநாசினி தெளித்தவர் மயங்கிக் கிடக்கிறார். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனைபோலச் சிறுத்திருக்கிறது, நாடித்துடிப்பு 48, உடுப்பு நனைந்திருக்கிறது. முதலில் எது?

முதலில் கையுறை, நஞ்சு தோலாலும் உட்செல்லும். உடனே இடப்பக்கம் சரித்து, வாயிலுள்ள நீரை உறிஞ்சி எடுத்து, ஒட்சிசன் கொடுத்தல். கூடவே உடுப்பைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவுதல். அடுத்து அற்றோபின்: வளர்ந்தவர்களுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் நாளத்தில் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதாவிட்டால் அளவை இரட்டித்துக்கொண்டு போவர். எதுவரை? நெஞ்சில் இரைச்சல் நீங்கி, நாடித்துடிப்பும் மேல் குருதி அமுக்கமும் 80ஐத் தாண்டும் வரை. கண்மணி விரிந்ததா என்பதை மட்டும் பார்த்து நிறுத்துவது பிழை. வயிற்றைக் கழுவுதல் நான்கு விடைகளில் ஒன்றாக நிச்சயம் வரும். மூச்சுவழி காக்கப்படாதவருக்கு அது ஆபத்து. வீட்டில் வாந்தி எடுக்கச் செய்வதும் அவ்வாறே.

ஒரு விதிவிலக்கையும் பரீட்சகர் விரும்பிக் கேட்பார். பரகுவாட் என்ற களைநாசினியை உட்கொண்டவருக்கு, குருதியில் ஒட்சிசன் மிகக் குறைந்தாலன்றி ஒட்சிசன் கொடுப்பதில்லை. அது நுரையீரல் சேதத்தைக் கூட்டும். இலங்கையில் 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் இம்மருந்து படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. ஆயினும் பாடநூல்களில் இருக்கிறது.

நஞ்சு தவறுதலாகப் பட்டதா, மனம் உடைந்து குடித்ததா என்ற விசாரணை தாதியின் முதல் வேலையன்று. கடனும் இடப்பெயர்வும் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாம் அறிவோம். உயிர் தப்பியபின் ஏசாமல், ஏளனம் செய்யாமல் பேசுவதும் சிகிச்சைதான். அதற்கும் பரீட்சையில் வினா வரும்.

மூன்றாம் வினா. குடிசை தீப்பற்றியதில் 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு உடலில் 20 வீதம் எரிகாயம். காலை 6 மணிக்கு எரிந்தது. 9 மணிக்கு வைத்தியசாலைக்கு வந்தார். ஒரு கிலோவுக்கு, ஒரு வீதத்துக்கு 4 மில்லிலீற்றர் என்ற விதிப்படி மணிக்கு எவ்வளவு சேலைன்?

4 × 50 × 20 = 4000 மில்லிலீற்றர். இது 24 மணி நேரத்துக்கு. பாதி, அதாவது 2000, முதல் 8 மணி நேரத்தில். அந்த 8 மணி நேரம் எரிந்த வேளையிலிருந்து எண்ணப்படும். வந்து சேர்ந்த வேளையிலிருந்தல்ல. ஆகவே பிற்பகல் 2 மணிக்குள் முடிய வேண்டும்: 2000ஐ ஐந்தால் பிரித்தால் மணிக்கு 400 மில்லிலீற்றர். 250 என்று எழுதியவர் பஸ்ஸில் கழிந்த மூன்று மணி நேரத்தை மறந்துவிட்டார். புதிய நூல்கள் வளர்ந்தவர்களுக்கு 2 மில்லிலீற்றரில் தொடங்கச் சொல்கின்றன. எனவே வினாவில் தரப்பட்ட விதியை வாசியுங்கள். எந்த விதியானாலும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதைப் பார்த்தே அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். கணக்குக்கு முன்னர் மூச்சுவழி: மூடிய இடத்தில் எரிந்தவரின் குரல் கம்மினால், மூக்கு மயிர் கருகியிருந்தால், தொண்டை வீங்கி அடைக்கப்போகிறது என்று பொருள்.

4. பலர் ஒரே வேளையில் வந்தால்

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல நூறு பேர் காயமடைந்தனர். அப்படிப்பட்ட நாளில் வாசலில் நிற்கும் தாதி, யார் முதலில் உள்ளே போவது என்று சில செக்கன்களில் தீர்மானிக்க வேண்டியவர்.

முறை இது. நடக்க முடிந்தவர் பச்சை. மூச்சில்லாதவருக்கு மூச்சுவழியைத் திறந்து பார். மூச்சு வந்தால் சிவப்பு, வராவிட்டால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லையென்றால் சிவப்பு. சொன்னதைச் செய்ய முடியாதவர் சிவப்பு. எஞ்சியோர் மஞ்சள். சத்தமிட்டு அழுகிறவருக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது. மூலையில் மௌனமாய்க் கிடப்பவரிடம் முதலில் போ. கறுப்பு நிறத்தைக் கட்டுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அந்த ஒருவரிடம் செலவிடும் நேரத்தில், காப்பாற்றக்கூடிய பலர் போய்விடுவர்.

5. படிக்கும் முறை

12 வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் ஐந்து படிகள் மட்டும். அடுத்த எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு பகுதி: நெஞ்சுவலி, மூச்சு, தலைக்காயமும் வலிப்பும், வயிறு, எலும்பும் காயமும், நஞ்சும் பாம்பும், பிள்ளைகள், தாய்மார். கடைசி இரண்டு வாரம் கடிகாரத்தை வைத்துப் பழைய வினாக்கள்.

பிழைக் கொப்பி ஒன்று வைத்திருங்கள். பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் காரணத்தை எழுதுங்கள்: தெரியாமல் பிழைத்ததா, வினாவைச் சரியாக வாசிக்காமல் பிழைத்ததா, ஒழுங்கு மாறிப் பிழைத்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததற்குப் புத்தகம், வாசிக்காததற்கு நிதானம், ஒழுங்கு மாறியதற்கு மீண்டும் ஏ, பி, சி. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு எழுதி, இருவராய்ச் சேர்ந்து ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தாதியாகவும் நடித்துப் பாருங்கள்.

6. பெற்றோருக்கு

பிள்ளைக்கு ஒரு விளக்கும், தினம் இரண்டு மணி நேர அமைதியும் கொடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் அள்ள வேறொருவர் போகட்டும். இடம்பெயரும்போது தொலைந்த பத்திரங்களை விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும் வரை விட்டுவைக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் சான்றிதழைப் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்திடம் பெறலாம். 1990 என்ற இலக்கத்தையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த இலவச சுவசெரிய அம்புலன்ஸ் சேவை அது.

நமது பிள்ளைகள் பாம்புக்கடியையும் நஞ்சையும் தீயையும் புத்தகத்துக்கு முன்னரே கண்டவர்கள். கண்டதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால், பட்டணத்துப் பிள்ளைக்கு இல்லாத பலம் அது. சித்தியெய்திய தாதி ஒருவர் கிராமத்து வைத்தியசாலையின் இரவுக் கடமையில் இருந்தால், வைத்தியர் வந்து சேரும்வரை ஒரு தகப்பனின் மூச்சு நிற்காமல் இருக்கும்.

கலந்துரையாட

1. உங்கள் ஊரில் கடைசியாக நடந்த விபத்தில் முதலில் என்ன செய்யப்பட்டது? எது முதலில் நடந்திருக்க வேண்டும்?
2. 60 கிலோ, 30 வீத எரிகாயம், எரிந்து இரண்டு மணி நேரத்தின் பின் வருகை. 4 மில்லிலீற்றர் விதிப்படி மணிக்கு எவ்வளவு? (விடை: 600 மில்லிலீற்றர்)
3. உங்கள் முகாமிலோ குடியிருப்பிலோ படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை இரண்டு மணி நேர அமைதியை எப்படி ஏற்படுத்தலாம்? யார் பொறுப்பேற்பது?