ஆளில்லாத தீவில் ஒரு பகல்

கேள்வி: தென் பசிபிக்கில் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் 'மிஸ்டரி' தீவில் என்ன இருக்கிறது?

பதில்: வனுவாட்டு நாட்டின் தென்கோடியில், அனெய்த்தியம் தீவை ஒட்டியுள்ள மணல்திட்டு இது, உள்ளூர்ப் பெயர் இன்யெயுக். சுற்றிவர ஒரு மணி நேரம் போதும். இரவில் ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கையால் யாரும் குடியிருப்பதில்லை. கப்பல் வரும் நாளில் மட்டும் அனெய்த்தியம் மக்கள் படகேறி வந்து கடை விரித்து, தலைப்பின்னல் போட்டுவிட்டு, மாலையில் ஊர் திரும்புவர். கப்பல் தள்ளியே நங்கூரமிடும். பயணிகள் சிறுபடகில்தான் இறங்க வேண்டும். மின்சாரம், குழாய்நீர் கிடையாது. நடுவே இரண்டாம் உலகப்போர்க் காலப் புல்தரை விமான ஓடுதளம். ஆயிரக்கணக்கானோர் இறங்கிவிட்டால் படகுத்துறைப் பக்கம் சந்தைதான். அமைதி வேண்டுவோர் மறுகரைக்குப் போகலாம். பவளப்பாறை மீன்களைக் காண நீச்சல் கண்ணாடி தேவை. ஆஸ்திரேலிய டாலர் செல்லும். சில்லறையாக இருப்பது நல்லது.