கிளப் ஜிம்மை மறுபடி திறக்கும் முன்…

கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 ஆகஸ்டில் ஜிம்களைத் திறக்க அனுமதித்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன அளவு ஆளுக்கு 4 சதுர மீட்டர். முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். 80 சதுர மீட்டர் கூடம் என்றால், ஒரு நேரத்தில் 20 பேர்தான். கருவிகளுக்கிடையே 6 அடி இடைவெளி வேண்டும். டிரெட்மில்லை நகர்த்த முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அறிவிப்பு ஒட்டினால் மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்றோட்டம். 2020 தொடக்கத்தில் தென்கொரியாவின் சோனான் நகரில் நடன உடற்பயிற்சி வகுப்புகள் வழியே 112 பேருக்குக் கொரோனா தொற்று பரவியது. தொற்றிருந்த ஒரு பயிற்சியாளர் நடத்திய யோகா, பிலாட்டீஸ் வகுப்புகளில் எவருக்கும் வரவில்லை. நெருக்கமான அறையில் பலர் மூச்சு வாங்க ஆடுவதுதான் ஆபத்து. ஆகவே ஜும்பா, ஏரோபிக்ஸ் வகுப்புகளைத் தயங்காமல் மைதானத்துக்கு மாற்றுங்கள். கிளப்பில் அதற்கு இடம் இருக்கிறதே! உள்ளே ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

டம்பெல், பெஞ்சுகளில் வியர்வையைத் துடைத்த பிறகே கிருமிநாசினி. ப்ளீச் இரும்பை அரிக்கும். கம்பிகளுக்கு 70% ஆல்கஹால் நல்லது.

பலர் மறப்பது குழாய்களை. மாதக்கணக்கில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரலாம். ஷவர், குழாய் எல்லாவற்றையும் திறந்து, பழைய நீர் முழுவதும் வெளியேறும்வரை ஓடவிடுங்கள். சாரல் தெறிக்கும் இடத்தில் நிற்க வேண்டாம்.

கட்டிய பணம் வீணாகுமே என்று காய்ச்சலோடு வருபவர்கள் உண்டு. நோயால் வராத நாட்களுக்குச் சந்தா நீட்டிக்கப்படும் என்று திறக்கும் நாளிலேயே வாசலில் எழுதி வையுங்கள்.