வலவனும் அமானிதமும்: தொடக்கக் காலப் பயணியர் விமானப் போக்குவரத்து

முன்னுரை

வானில் பறக்க வேண்டும் என்னும் மனித விருப்பம் மிகப் பழமையானது. தமிழ் இலக்கியமும் அவ்விருப்பத்தைப் பதிவு செய்துள்ளது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றுப் பாடலில், புலவர் பாடும் புகழுடையோர் விண்ணுலகு செல்லும்போது வலவன் இன்றியே இயங்கும் ஊர்தியைப் பெறுவர் என்னும் நம்பிக்கை பேசப்படுகிறது. வலவன் என்னும் சொல்லுக்கு ஊர்தியைச் செலுத்துவோன் என்பது பொருள். திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், சச்சந்தன் மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்வித்து, அதனைச் செலுத்தும் முறையைத் தன் தேவி விசயைக்குக் கற்பிக்கிறான். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்தபோது, சூல்கொண்ட விசயை அப்பொறியில் ஏறித் தப்பிச் செல்கிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கிவிட, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

இசுலாமிய உலகிலும் இத்தகைய செய்தி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ், உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு சிறிது தொலைவு பறந்தார் என்றும், பறவை தன் வாலின் துணையால் தரையிறங்குகிறது என்பதைக் கருதாமையால் விழுந்து முதுகில் காயமுற்றார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியுள்ளார்.

இவற்றைக் கொண்டு நம் முன்னோர் அன்றே விமானம் படைத்துவிட்டனர் என மேடைகளில் முழங்குவோர் உளர். அது கற்பனையைக் கற்பனையாகப் போற்றும் இலக்கிய நெறிக்கும் ஒவ்வாது. சான்று வேண்டும் அறிவியல் நெறிக்கும் ஒவ்வாது. இக்கதைகளில் வேறொன்று நம் கருத்தை ஈர்க்கிறது. புறநானூற்று ஊர்தியில் வலவன் இல்லை. மயிற்பொறியிலோ விசயையே வலவன். அவளை நம்பி ஏறியவர் வேறெவரும் இலர். இப்னு பிர்னாஸ் தம் உயிரை மட்டுமே பணயம் வைத்தார். பிறர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, “சொன்ன நாளில் சொன்ன ஊரில் உம்மை நலமாக இறக்குவேன்” என்று ஒரு வலவன் பொறுப்பேற்றது எப்போது? அப்பொறுப்பு எவ்வாறு வளர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் பயணச்சீட்டு

ரைட் உடன்பிறந்தார் 1903 டிசம்பர் 17-ஆம் நாள் இயந்திர விமானத்தில் பறந்தனர். அதன்பின் பத்தாண்டுக் காலம் விமானம் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. வீரர் பறப்பர், மக்கள் கட்டணம் செலுத்திக் கண்டு களிப்பர்.

1914 சனவரி முதல் நாளன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், தாம்பா என்னும் இரு நகரங்களுக்கிடையே கால அட்டவணையுடன் கூடிய விமானச் சேவை தொடங்கியது. விமானி டோனி ஜானஸ். பயணி ஒரே ஒருவர். ஏப்ரகாம் பைல் என்னும் முன்னாள் நகரத் தலைவர் அந்த முதல் இருக்கையை 400 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். நீரிலிருந்து எழும்பிய அப்படகு விமானம் வளைகுடாவை 23 நிமிடங்களில் கடந்தது. பின்னர் கட்டணம் ஐந்து டாலர் என்றாயிற்று. அச்சேவை ஏறத்தாழ நான்கு திங்கள் நடைபெற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச்சென்று, குளிர்காலச் சுற்றுலாப் பருவம் கழிந்ததும் நின்றுபோயிற்று.

பயணியை மட்டும் நம்பிய விமானத் தொழில் நிலைக்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பயணியர் வருவர் என்பதற்கு உறுதி இல்லை. நாள்தோறும் தவறாது வரும் சுமை ஒன்று அத்தொழிலுக்குத் தேவைப்பட்டது. அச்சுமையே கடிதம்.

கடிதமே முதற் பயணி

உலகின் முதல் அதிகாரமுறை வான் அஞ்சல் பறந்தது நம் நாட்டில்தான். 1911 பிப்ரவரி 18-ஆம் நாள் அலகாபாத்தில் நடைபெற்ற கண்காட்சியின்போது, பிரெஞ்சு விமானி ஆன்ரி பெக்கே ஏறத்தாழ 6,500 கடிதங்களுடன் யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தொலைவு பத்துக் கிலோமீட்டர் அளவே. எனினும் வழி திறந்துவிட்டது.

1929-இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சி வரை சேவை தொடங்கியது. இடையே ஒரு பகுதியைத் தொடர்வண்டியில் கடந்து, ஏழு நாளில் அஞ்சல் கராச்சியை அடைந்தது. ஆனால் கராச்சியிலிருந்து சென்னைக்கு வர அது மீண்டும் தொடர்வண்டியையே நம்ப வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் இருவர். ஒருவர், 1929-இல் இந்தியாவில் விமானி உரிமம் பெற்றவர்களுள் முதல்வரான ஜே. ஆர். டி. டாட்டா, மற்றவர், முன்னாள் ஆங்கில வான்படை வீரர் நெவில் வின்சென்ட்.

1932 அக்டோபர் 15-ஆம் நாள் காலை 6.35 மணிக்கு, டாட்டா ‘பஸ் மாத்’ என்னும் ஒற்றை இயந்திர விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டார். உடன் சென்ற சுமை ஏறத்தாழ 25 கிலோ கடிதங்கள். அகமதாபாத்தில் இறங்கியபோது எரிபொருள் தகரக் கலன்களில், மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகல் 1.50 மணிக்கு அவர் பம்பாய் ஜுகுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலை ஏற்றுக்கொண்டு, பல்லாரியில் இரவு தங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை வான் போக்குவரத்து அந்த அஞ்சற்பையிலிருந்துதான் தொடங்குகிறது.

அவர்களுக்கு வானொலித் தொடர்பு இல்லை. இரவில் இறங்க விளக்கு இல்லை. அரசு மானியமும் இல்லை. ஜுகு தளம் கடற்கரைச் சேற்று நிலமாதலால், மழைக்காலத்தில் அதனைக் கைவிட்டுப் பூனாவுக்கு மாறினர். இத்தனை இடர்களுக்கிடையிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழையையும் ஊடுருவி, சேவை ஒருநாளும் காலந்தவறவில்லை என்று அரசின் விமானத் துறை அறிக்கையே பாராட்டியது.

அமானிதம் என்னும் நெறி

இதனை வெறும் திறமை என்று கூறி அமைந்துவிட இயலாது. இங்கு நம் சமுதாய வழக்கிலுள்ள ஒரு சொல் பொருந்தி வருகிறது. அதுவே அமானிதம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அவ்வாறே காத்து, உரியவரிடம் சேர்ப்பது அமானிதமாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுமுன்னரே ‘அல்அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று மக்கா மக்களால் அழைக்கப்பெற்றார்கள். உயிருக்கே இடர் சூழ்ந்த ஹிஜ்ரத் இரவில், மக்கத்தவர் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் திருப்பித் தருமாறு அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள். பொருளைத் தந்தவர்களுள் அவர்களின் பகைவரும் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடிதமும் ஓர் அமானிதமே. அதைச் சுமப்பவன் உறையைப் பிரிப்பதில்லை. உள்ளே உள்ளது வணிகக் கணக்கா, மரணச் செய்தியா, மணச் செய்தியா என்று அறிவதில்லை. எனினும் அதனை மழையிலும் காற்றிலும் காத்துச் சேர்க்கிறான். வளைகுடா நாடுகளிலிருந்து நம் ஊர்களுக்கு வந்த சிவப்பும் நீலமுமாகக் கரையிட்ட வான் அஞ்சல் உறைகளை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சலாமுடன் தொடங்கும் அத்தாவின் கடிதத்துக்காக வாசலில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! அக்கடிதம் வந்து சேரும் என்று அவர்கள் நம்பியதற்கு அடித்தளம் இட்டவர்கள், 1932-இல் 25 கிலோ சுமையைக் காலந்தவறாமல் சேர்த்தவர்களே எனலாம்.

கடிதத்தின் பின்னே மனிதர்

கடிதம் தவறாது சென்று சேர்வதைக் கண்ட பின்னரே மனிதர் ஏறத் துணிந்தனர். டாட்டா நிறுவனம் 1933-ஆம் ஆண்டில் 1,60,000 மைல் பறந்து, ஏறத்தாழ பத்து டன் அஞ்சலைச் சுமந்தது. அவ்வாண்டில் அது ஏற்றிச்சென்ற பயணியர் 155 பேரே. வாரத்துக்கு மூவர் என்ற கணக்குத்தான்! 1935-இல் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கும், 1938-இல் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்கும் சேவைகள் விரிந்தன.

உலகத் தடங்களில் இக்காலத்தில் பெரிய பயணியர் விமானங்கள் தோன்றின. இம்பீரியல் ஏர்வேஸ் 1931-இல் பயன்படுத்தத் தொடங்கிய ஹேண்ட்லி பேஜ் விமானம் நான்கு இயந்திரங்களும் ஈரடுக்கு இறக்கைகளும் கொண்டது. மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. இருக்கைகள் மெத்தையிட்டவை; உணவும் பரிமாறப்பட்டது. இவ்வகையில் எட்டு விமானங்களே கட்டப்பட்டன. அவை கெய்ரோவிலிருந்து கராச்சி வரும் வழியில் பயணியர் இரவு தங்குவதற்காக, 1932-இல் சார்ஜாவின் ஆட்சியாளர் சேக் சுல்தான் பின் சக்ர் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பாலைவனத்தில் கோட்டை போன்ற தங்கும் விடுதி ஒன்று எழுப்பப்பட்டது. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

அமைதிக்காலச் சேவையில் பயணியர் ஒருவரையும் பலிகொடாத விமானம் என்று இவ்வகை பெயரெடுத்திருந்தது. ஆனால் 1940 மார்ச் முதல் நாள் ‘ஹானிபால்’ என்னும் விமானம், ஈரானின் ஜாஸ்க்கிலிருந்து சார்ஜா நோக்கிப் புறப்பட்டு, ஓமன் வளைகுடாவின்மேல் மறைந்துபோயிற்று. அதிலிருந்த எண்மருள் ஒருவரையும் மீட்க இயலவில்லை, காரணமும் உறுதிப்படவில்லை. அவ்வெண்மருள் ஒருவர் தமிழர். அவர் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவராகிய சர் ஏ. டி. பன்னீர்செல்வம். தஞ்சை மாவட்டக் கழகத் தலைவராகவும் சென்னை மாகாண அமைச்சராகவும் விளங்கிய அவர், இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகராகப் பொறுப்பேற்கச் சென்றுகொண்டிருந்தார். வடமொழிக்கே உரியதாய் இருந்த திருவையாற்று அரசர் கல்லூரியில் தமிழ் வித்துவான் கல்விக்கு வழி செய்தவர் அவர். அக்கல்லூரி வழியே தமிழ் கற்று ஆசிரியரானோர் பலர். எனவே, தமிழ்த்துறையைச் சேர்ந்த நாம் அவர்க்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இத்துயர நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கடிதம் தொலைந்தால் மீண்டும் எழுதலாம். மனிதன் என்னும் அமானிதம் தொலைந்தால் ஈடு செய்ய இயலாது. ஒவ்வொரு விபத்தின் காரணத்தையும் ஆராய்ந்து, விதிகளைத் திருத்தி, கருவிகளைச் செம்மைப்படுத்தியே விமானத் தொழில் இன்றைய பாதுகாப்பு நிலையை எய்தியுள்ளது. அந்நிலைக்கு முன்னோர் கொடுத்த விலை பெரிது.

கொங்கு நாட்டு வானம்

அதே 1940-ஆம் ஆண்டில்தான் கோவை பீளமேட்டில் விமான நிலையம் திறக்கப்பெற்றது. உலகப் போர் முடிந்தபின் படைத்துறை விற்ற டகோட்டா விமானங்களைக் கொண்டு நாட்டில் பல நிறுவனங்கள் தோன்றின. அஞ்சல் வருவாயை நம்பாமல், பயணியர் கட்டணத்தாலேயே ஆதாயம் ஈட்ட முடியும் என்று உலகுக்குக் காட்டியது இந்த டக்ளஸ் டி.சி. 3 விமானமே. எனினும் கடிதத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. 1949-இல் தொடங்கிய இரவு அஞ்சல் திட்டத்தின்படி, தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, அஞ்சற்பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. 1953-இல் எட்டு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்சு உருவாயிற்று. அதன் டகோட்டாக்களும் பின்னர் பாக்கர், ஆவ்ரோ விமானங்களும் பீளமேட்டில் இறங்கின.

இன்று கோவையிலிருந்து நேரே சார்ஜாவுக்குப் பறக்கலாம். ஹானிபால் அடைய முடியாமற்போன அந்தச் சார்ஜாவில், நம் பகுதி இளைஞர் சில மணி நேரத்தில் இறங்கிப் பணிக்குச் செல்கின்றனர். அவர்களை வழியனுப்பும் தாய்மார் ‘துஆ’ செய்துவிட்டு வீடு திரும்பி, “வந்து சேர்ந்துவிட்டேன்” என்னும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கின்றனர். விமானம் மாறிற்று, விரைவு மாறிற்று, அந்தக் காத்திருப்பு மாறவில்லை.

முடிவுரை

முதலில் கடிதம், பின்னர் துணிந்த சிலர், இறுதியில் பொதுமக்கள் என்னும் வரிசையிலேயே வான் போக்குவரத்து வளர்ந்தது. ஒவ்வொரு படியையும் தாங்கிநின்றது சொன்ன சொல்லைக் காத்த ஒழுக்கமாகும். டாட்டாவின் தொடக்கக் குழுவில் விமானியரோடு பயிற்சிநிலைப் பொறிப்பணியாளர் இருவரும் இருந்தனர். அவர்களின் பெயரை உலகம் கொண்டாடவில்லை. எனினும் அவர்கள் ஓர் ஆணியைத் தளரவிட்டிருந்தால் அந்த வரலாறே வேறாகியிருக்கும்.

பெரியநாயக்கன்பாளையம் முதல் பீளமேடு வரை, லேத்துகளும் வார்ப்படப் பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்தது நம் பகுதி. இங்குப் பயிலும் மாணவருள் சிலர் கணக்கெழுதுவர். சிலர் பாடம் நடத்துவர். சிலர் எந்திர உறுப்புகளைக் கடைவர். தாம் செய்த பணியை நம்பி ஏறப்போகிறவர் யாரென்று அவர்கள் அறியமாட்டார்கள். அறியாத அவருக்காகவும் அளவு பிசகாமல் செய்வதே அமானிதம்.

வருங்காலத்தில், புறநானூற்றுப் புலவர் எண்ணியதைப் போல வலவனே வேண்டாத ஊர்திகளும் வரக்கூடும். தானியங்கிக் கருவிகள் ஏற்கெனவே விமானத்தின் பெரும்பகுதிப் பணியை ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆயினும் அக்கருவியைச் செய்தவரும் சோதித்தவரும் பொறுப்பிலிருந்து நீங்கிவிட முடியாது. வலவன் இருக்கை வெறுமையாகலாம். அமானிதத்தை ஏற்பவர் இடம் வெறுமையாதல் ஆகாது.