மருந்துக்கு வைக்கும் சிறுநீரகப் பரீட்சை



சென்ற வருடம் வாழவந்தியில் எங்கள் வீட்டு மாட்டுக்குக் கால் வீங்கிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். "என்ன மருந்துன்னு போட்டிருக்கு, பாரு" என்று காலி பாட்டிலை அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். 'மெலாக்சிகாம்' என்று படித்தேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை. பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கெமிக்கல் பிரிவில் வடிகட்டுதல் என்று ஒரு பாடம் உண்டல்லவா? உடம்பில் அந்த வேலை சிறுநீரகத்துக்கு. மனிதனுக்கு ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகிறது. சிறுநீராக வெளியே போவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி நீர் நுண்குழாய்கள் வழியாக இரத்தத்துக்கே திரும்பிவிடும். நீர் திரும்பத் திரும்ப, குழாயில் தங்கும் மருந்தின் செறிவு ஏறிக்கொண்டே போகும். பல மருந்துகள் முதலில் இங்கே கை வைப்பது இதனால்தான்.

ஆகவே புது மருந்தை மனிதனுக்குக் கொடுக்கும் முன் எலிகளுக்கு 28 நாள், 90 நாள் என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். இரத்தத்தில் யூரியா, கிரியேட்டினின் அளக்கிறார்கள். கடைசியில் சிறுநீரகத்தை எடுத்து எடை போட்டு, மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். (எலியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.) இதில் ஒரு சங்கடம்: சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதியளவு போன பிறகுதான் கிரியேட்டினின் நன்றாக ஏறும். அதனால் சேதத்தை முன்னதாகவே காட்டும் ஏழு சிறுநீர்ப் புரதங்களை எலிச் சோதனைகளுக்கு அமெரிக்க, ஐரோப்பிய மருந்து அமைப்புகள் 2008-ல் ஏற்றுக்கொண்டன.

சரி, எலியிடம் பாஸானால் போதுமா? டைக்ளோபினாக் என்ற வலி மருந்தை மாடு தாங்கிக்கொண்டது. ஆனால் அந்த மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்ற பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூட்டம் கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. காரணம் 2004-ல்தான் பிடிபட்டது. நாமும் மாடும் கழிவை யூரியாவாக வெளியேற்றுகிறோம். பறவையோ யூரிக் அமிலமாக. பாறுவின் சிறுநீரகம் கெட்டதும் அந்த அமிலம் இதயம், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. எலியிடம் கேட்ட கேள்விக்கு எலி சரியாகத்தான் பதில் சொன்னது. பாறுவிடம் யாரும் கேட்கவில்லை!

அதனால் மாற்று மருந்தைப் பாறுகளிடமே சோதித்தார்கள். முதலில் தென்னாப்பிரிக்காவில், பிறகு இந்தியாவில். மருந்தை நேராகக் கொடுத்தார்கள். மருந்து போட்ட மாட்டின் இறைச்சியையும் கொடுத்தார்கள். இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்த்தார்கள். ஏறவில்லை. அந்த மருந்துதான் மெலாக்சிகாம். 2006-ல் கால்நடைக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது.

அதுவரை வேகம்தான். ஆனால் கீட்டோபுரோபெனும் பாறுவைக் கொல்லும் என்பது 2010-க்குள் தெரிந்துவிட்டது. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் டைக்ளோபினாக்காகவே மாறிவிடுகிறது. இரண்டுக்கும் நாடு முழுவதற்குமான தடை வந்தது 2023-ல். ஏன் இத்தனை வருடம் என்று எனக்கு விளங்கவில்லை. நம் மாநிலத்தில் இன்று பாறுகள் முக்கியமாக மிஞ்சியிருப்பது நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில்தான்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நம்ம மாட்டுக்கு எது நல்லது?" என்றார். மாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், அதைத் தின்ன வரும் பறவைக்குத்தான் வித்தியாசம் என்றேன். அடுத்த தடவை டாக்டர் வந்தால் பாட்டிலை முதலிலேயே வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.