தூக்கணாங்குருவிக் கூட்டில் விளக்கு எரிகிறதா?

கிணற்றோரப் பனையிலும் ஈச்ச மரத்திலும் கருவேலத்திலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குருவியைப் பற்றிக் கேட்ட கதைகளும் ஏராளம். கதைகளைவிட அதன் நிஜ வாழ்க்கைதான் பெரிய அதிசயம்.

நம்பிக்கை: மின்மினிப் பூச்சியைக் களிமண்ணில் ஒட்டிவைத்துக் கூட்டுக்கு வெளிச்சம் தேடிக்கொள்ளும்.

உண்மை: களிமண் இருப்பது மெய்தான். ஈரமண்ணையோ சாணத்தையோ கூட்டின் உட்புறம் அப்புகிறது ஆண் குருவி. அதுவும் கூடு பாதி எழும்பிய நிலையில். அப்போது உள்ளே முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. பகலில் இரைதேடி இருட்டியதும் அடைந்துவிடும் பறவைக்கு விளக்கு எதற்கு? காற்றில் கூடு அதிகம் ஆடாமலிருக்க மண்ணின் கனம் உதவலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் ஒரு விளக்கம்.

நம்பிக்கை: ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டும்.

உண்மை: பின்னுகிற வேலை ஏறக்குறைய முழுக்க ஆணுடையது. நெற்பயிர், நாணல், பனையோலை ஆகியவற்றிலிருந்து நீள நீளமாக நார் கிழித்து வந்து, அலகாலேயே முடிச்சிட்டுப் பின்னும். தலைக்கவசம்போலப் பாதிக்கூடு உருவானதும், சிறகடித்துக் கத்திப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். அதற்குப் பிடித்தால்தான் முட்டை அறையும் நுழைவுக் குழலும் எழும். முழுக்கூட்டுக்கு ஏறக்குறைய 18 நாள் ஆகும். பின்னல் அழகைவிட, கூடு எந்த இடத்தில் தொங்குகிறது என்பதற்கே பெண் முதலிடம் தருகிறது. முள்மரமும் நீருக்கு மேல் தொங்கும் கிளையும் பாம்புக்கு எளிதில் எட்டாதவை.

நம்பிக்கை: குழல் இல்லாத பாதிக்கூடு, அப்பாக் குருவியின் ஊஞ்சல்.

உண்மை: பெரும்பாலும் அது எந்தப் பெண்ணும் ஏற்காததால் பாதியில் விடப்பட்ட கூடு. ஒரு பெண் குடிவந்து முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். 1930-இல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் இதைப் பொறுமையாகக் கவனித்துப் பதிவுசெய்தவர் பறவையியலாளர் சாலிம் அலி.

நம்பிக்கை: மழைக்காலம் முடிந்ததும் மஞ்சள் குருவி ஊரைவிட்டே போய்விடும்.

உண்மை: போவது நிறம்தான். மஞ்சள் உச்சந்தலையும் கரும்பழுப்பு முகமும் ஆணுக்கு இனப்பெருக்கக் கால அலங்காரம். பருவம் முடிந்தால் ஆணும் பெண்ணும் பெண் சிட்டுக்குருவியைப் போலவே தெரியும். கூட்டமாக வயலில் மேய்ந்து, நாணல் புதரிலும் கரும்புத் தோட்டத்திலும் அடையும்.

நம்பிக்கை: காலிக் கூட்டை அலங்காரத்துக்கு எடுத்துவந்தால் பாதகமில்லை.

உண்மை: காலியா இல்லையா என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. குருவி கைவிட்ட கூட்டிலும் சில்லை என்னும் சிறு பறவைகள் குடியேறும். கூட்டை மரத்திலேயே விடுங்கள். பனையையும் முள்மரத்தையும் வெட்டாதீர்கள். பெண் குருவி முதலில் பார்ப்பது இடத்தைத்தான். அதைக் காப்பது நம் பொறுப்பு.