லேப்டாப்பில் பாஸ், சர்வரில் ஃபெயில்

கேள்வி: நோட் ஜேஎஸ்-இல் எழுதிய என் டெஸ்ட்டுகள் எல்லாம் லேப்டாப்பில் பாஸ் ஆகின்றன. சர்வரில் பாதி ஃபெயில். ஒரு வரிகூட மாற்றவில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் மாற்றவில்லை. நீங்கள் நம்பியிருக்கும் லைப்ரரி மாறியிருக்கலாம். முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் கூரை போல ஒரு சின்னக் குறி இருக்கிறதா, பாருங்கள். 4.2.0-க்கு முன் அது இருந்தால், 5-க்குக் கீழே வரும் எந்தப் புது வெர்ஷனையும் இறக்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அன்று உங்களுக்கு வந்தது ஒன்று, இன்று சர்வருக்கு வருவது வேறு.

இதற்காகவே 2017-இல் என்பிஎம் 5-உடன் பேக்கேஜ் லாக் ஃபைல் வந்தது. லைப்ரரிகள், அவை இழுத்து வரும் குட்டி லைப்ரரிகள் என ஒவ்வொன்றின் துல்லியமான வெர்ஷனும் அதில் பதிவாகும். அதை கிட்டில் சேர்க்காமல் விடும் டீம்களைப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது. தயவுசெய்து சேருங்கள். சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' வேண்டாம், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். பழைய நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, லாக் ஃபைலில் உள்ளதை மட்டும் இறக்கும். பேக்கேஜ் ஜேசனோடு அது பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

குட்டி லைப்ரரிதானே என்று எண்ணாதீர்கள். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற 11 வரி லைப்ரரியை எழுதியவர் விலக்கிக்கொண்டதும், உலகெங்கும் பில்டுகள் உடைந்தன.

ஜெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகளை டெவ் டிபெண்டன்சீஸ் பகுதியில் வையுங்கள். டெஸ்ட் நேரடியாகக் கூப்பிடும் லைப்ரரி வேறொன்றின் வாலைப் பிடித்து வந்திருந்தால், அதையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.